அண்ணாமலை நகரில் சனி, ஞாயிறு: ஊருக்கு ஓடாமல் பொழுதைப் போக்குவது எப்படி

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: "சனி, ஞாயிறு இங்க என்ன பண்றது?" சீனியர்கள் சொல்லும் பதிலும் ஒன்றுதான்: "கோயிலுக்குப் போ, பிச்சாவரம் போ, அப்புறம் ஊருக்குப் போ." பதிலில் தப்பில்லை. ஆனால் எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்று யாரும் சொல்லித் தருவதில்லை. அதனால் என்ன ஆகிறது என்றால், ஞாயிற்றுக்கிழமை ஒன்பதரைக்கு எழுந்து, மெஸ்ஸில் மிச்சமிருப்பதைச் சாப்பிட்டு, பதினொன்றரைக்குக் கோயில் வாசலில் போய் நிற்கிறார்கள். அரை மணியில் நடை சாத்திவிடுவார்கள். சரி, பிச்சாவரமாவது போகலாம் என்று பஸ் ஏறினால் உச்சி வெயிலில் திறந்த படகு. சாயங்காலம் தலைவலியோடு அறைக்குத் திரும்பி, "இந்த ஊர்ல ஒண்ணுமே இல்லப்பா" என்று தீர்ப்பு எழுதிவிட்டு அடுத்த வெள்ளிக்கிழமையே ரயில் ஏறிவிடுகிறார்கள்.

இந்த ஊரில் எல்லாவற்றுக்கும் ஒரு நேரம் இருக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டால் போதும். காலையில் பிச்சாவரத்துக் காயல், மாலையில் கோயில் அல்லது கடல், நடுப்பகலில் பயணம் அல்லது தூக்கம். கீழே எழுதியிருப்பதெல்லாம் இந்த ஒன்றின் விரிவுதான்.

முதலில் இடம் புரிய வேண்டும். ரயில் பாதைக்குக் கிழக்கே பல்கலைக்கழகம், மேற்கே சிதம்பரம் ஊர். ஊரின் நடுவில் நடராசர் கோயில், அதைச் சுற்றி நான்கு தேர் வீதிகள்: கீழ வீதி, தெற்கு வீதி, மேல வீதி, வடக்கு வீதி. நீங்கள் வாங்க வேண்டிய எல்லாமே இந்த நான்கு வீதிகளில் கிடைக்கும், கிடைக்காததைத் தேட வேண்டியதில்லை. விடுதியிலிருந்து கோயிலுக்கு நடந்தே போய்விடலாம், ஆனால் வளாகமே பெரியது என்பதால் ஒரு சைக்கிள் இருந்தால் நல்லது. வெளியூர்களுக்குப் பேருந்து நிலையத்திலிருந்து போக வேண்டும். அரசு நகரப் பேருந்துகளில் சாதாரணக் கட்டண வண்டிகளில் பெண்களுக்குப் பயணம் இலவசம். ஆகவே பெண்கள் விடுதியில் இருப்பவர்கள் பிச்சாவரத்துக்கும் பரங்கிப்பேட்டைக்கும் காசில்லாமலே போய் வரலாம்; வண்டி ஏறும் முன் அது நகரப் பேருந்துதானா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை மாலை: கோயில்

பக்தி இருக்கிறதோ இல்லையோ, இந்தக் கோயிலை ஒரே தடவையில் பார்த்து முடிக்க நினைக்காதீர்கள். ஏறத்தாழ 40 ஏக்கர். பல மாலைகளில் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்க்க வேண்டிய இடம். நண்பகலில் சாத்திய நடையை மாலை ஐந்து மணிக்குள் திறந்துவிடுவார்கள், இரவு அர்த்தசாமப் பூசை முடிய பத்து மணி ஆகும். ஐந்து மணிக்குப் போனால் வெளிச்சம் இருக்கும், சிற்பம் பார்க்க அதுதான் நேரம்.

முதல் மாலை கோபுரங்களுக்கு மட்டும். கிழக்குக் கோபுர வாசலில் நுழைந்ததும் நேரே உள்ளே ஓடாமல் அந்த வழியின் இருபக்கச் சுவர்களையும் பாருங்கள். பரத நாட்டிய சாஸ்திரம் சொல்லும் 108 கரணங்கள், அதாவது நடன அசைவுகள், ஒவ்வொன்றும் ஒரு சின்னச் சிற்பமாக, மேலிருந்து கீழாக அடுக்கப்பட்டிருக்கும். நான்கு கோபுரங்களிலும் கரணச் சிற்பங்கள் உண்டு. கிழக்கு, மேற்குக் கோபுரங்களில் அந்தந்தக் கரணத்துக்கு உரிய சுலோகமும் வெட்டியிருக்கிறார்கள். தினமும் ஆயிரம் பேர் செருப்பைக் கழற்றிவிட்டு இதைத் தாண்டிப் போகிறார்கள், நின்று பார்ப்பவர் யாராவது நாட்டிய மாணவியாகத்தான் இருப்பார். பரதநாட்டியம் கற்கும் தோழி இருந்தால் கட்டாயம் கூட்டிப் போங்கள், அவர் நான்கைந்து கரணங்களைச் செய்து காட்டிவிட்டால் அதற்குப் பிறகு அந்தச் சுவரை நீங்கள் பார்க்கும் விதமே வேறு. தெற்குக் கோபுரத்தில் அண்ணாந்து பார்த்தால் கூரையில் பாண்டியரின் மீன் சின்னம் தெரியும். வடக்குக் கோபுரத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர் கிருஷ்ணதேவராயர். யார் யார் இந்த ஊரைத் தம்முடையது என்று சொல்லிக்கொள்ள ஆசைப்பட்டார்கள் என்பது கோபுரங்களைச் சுற்றி வந்தாலே விளங்கிவிடும்.

இன்னொரு மாலை உள்ளே. பொன்வேய்ந்த சிற்றம்பலக் கூரையில் 21,600 ஓடுகள், ஒரு நாளில் மனிதன் விடும் மூச்சின் கணக்கு என்பார்கள். அதற்கு எதிரே இருக்கும் நிருத்த சபையை விட்டுவிடாதீர்கள். சக்கரமும் குதிரையும் வைத்துத் தேர் போலவே கட்டிய மண்டபம், தூண்களில் உள்ள வேலைப்பாடு இந்தக் கோயிலிலேயே மிக நுணுக்கமானது என்பது என் கட்சி. கொடிமரத்துக்குப் பக்கத்தில் ஓர் இடத்தில் நின்றால் தெற்கு நோக்கிய நடராசரையும் கிழக்கு நோக்கிப் பள்ளிகொண்ட கோவிந்தராசப் பெருமாளையும் ஒரே இடத்திலிருந்து பார்க்கலாம். அந்த இடம் எது என்று யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள். நடராசர் சன்னதிக்கு முன்னால் உள்ள கனகசபை மேல் ஏறுவதானால் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும், அதற்குத் தோதாகத் துண்டோ வேட்டியோ வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போனை எடுத்துப் படம் பிடிக்க வேண்டாம். அர்ச்சனை செய்யலாமா என்று தீட்சிதர் யாராவது கேட்டால், விருப்பம் இருந்தால் செய்யுங்கள், இல்லையென்றால் கும்பிட்டுவிட்டு நகருங்கள், சங்கடப்பட ஒன்றுமில்லை.

கூட்டம் பிடிக்காதவர்களுக்கு ஒரு யோசனை: சிவகங்கைக் குளத்துக்கு மேற்கே உள்ள சிவகாமி அம்மன் கோயில். நடராசரைப் பார்த்த கூட்டம் பெரும்பாலும் இங்கே வராது. முன்மண்டப விதானத்தில் நாயக்கர் காலத்து ஓவியங்கள் இருக்கின்றன, வெளித் திருச்சுற்றில் ஆடுவோரும் மத்தளம் கொட்டுவோருமாக வரிசையாகச் சிற்பங்கள். குளப் படியில் உட்கார்ந்து கதை பேசவும் இதைவிட நல்ல இடம் ஊரில் கிடையாது.

இந்தக் கோயிலுக்குள் யார் வரலாம், யார் வரக்கூடாது என்பதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது, அதையும் தெரிந்துகொள்ள வேண்டும். நந்தனார் கதை எல்லாருக்கும் தெரியும். அவர் பெயரில் சுவாமி சகஜானந்தர் 1916-ல் தொடங்கிய கல்விக்கழகம் ஓமக்குளத்தில் இருக்கிறது. நான்கு வீதிகளுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருப்பவர்கள் ஒருநாள் அந்தப் பக்கமும் நடந்து போய்ப் பாருங்கள். ஊரின் வடக்கு எல்லையில் தில்லைக் காளி கோயில், அதற்கு ஒரு மணி நேரம் போதும்.

சாப்பாடு? சிதம்பரத்துக்கு வந்துவிட்டுக் கொத்சு சாப்பிடாமல் போனால் என்னிடம் பேசாதீர்கள். கத்திரிக்காயை வேகவைத்து மசித்துப் புளியும் வறுத்து அரைத்த மசாலாவும் சேர்த்துச் செய்வது. கோயில் பிரசாதமான சம்பா சாதத்துக்கு அதுதான் ஜோடி, மிளகும் நெய்யும் மணக்கும் சாதம். ஓட்டல்களில் இட்லிக்குத் தொட்டுக்கொள்ளத் தருவார்கள். எல்லா நாளும் எல்லாக் கடையிலும் இருக்காது, உட்காரும் முன் "கொத்சு இருக்கா?" என்று கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் அடுத்த கடை.

ஞாயிற்றுக்கிழமை காலை: பிச்சாவரம்

சிதம்பரத்திலிருந்து 15 கிலோமீட்டர் போல, கிள்ளை வழியாகப் போகும் பஸ். வெள்ளாற்று முகத்துவாரத்துக்கும் கொள்ளிட முகத்துவாரத்துக்கும் நடுவில், சுமார் 1,100 ஹெக்டேரில் கிடக்கும் அலையாத்திக் காடு, முக்கியமான ஈரநிலங்களுக்கான உலகப் பட்டியலான ராம்சரில் 2022-ல் சேர்ந்தது. படகுத்துறையைத் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் நடத்துகிறது. படகு ஓடத் தொடங்கும் நேரத்திலேயே முதல் வரிசையில் நிற்பது போலப் போங்கள். ஒன்பது, ஒன்பதரைக்கு மேல் வெளியூர் வேன்கள் வந்து இறங்கிவிடும், அப்புறம் டோக்கனுக்கே ஒரு மணி நேரம்.

மோட்டார் படகு, துடுப்புப் படகு என்று இரண்டு உண்டு. கண்ணை மூடிக்கொண்டு துடுப்புப் படகைக் கேளுங்கள். மோட்டார் படகு அகன்ற கால்வாய்களில் வேகமாக ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டிவிட்டு வந்துவிடும், அதன் சத்தத்துக்குப் பறவையும் நிற்காது. துடுப்புப் படகுதான் குறுகிய வாய்க்கால்களுக்குள் நுழையும், தலைக்கு மேல் கிளைகள் கூடு கட்டியிருக்கும், குனிந்துதான் போக வேண்டியிருக்கும். கட்டணம் படகுக்குத்தான், ஆளுக்கு இல்லை. நாலைந்து பேர் சேர்ந்து போனால் பிரித்துக்கொள்ளலாம். ஆழம் குறைவுதான் என்று படகோட்டி சொல்வார், இருந்தாலும் உயிர்காப்புச் சட்டையைக் கழற்றாதீர்கள். அடியில் சேறு.

உள்ளே போனால் என்ன பார்ப்பது என்று தெரிந்து போனால் அந்த ஒரு மணி நேரம் போதாது. படகைச் சுற்றி ஊன்றுகோல் ஊன்றி நிற்கும் வேர்களோடு இருப்பவை சுரபுன்னை. அவற்றின் விதை கீழே விழும் முன்பே மரத்திலேயே முளைவிட்டு முருங்கைக்காய் மாதிரி தொங்கிக்கொண்டிருக்கும், விழுந்ததும் சேற்றில் குத்திட்டு நின்று வளர்ந்துவிடும். சேற்றிலிருந்து மேல்நோக்கி ஆயிரக்கணக்கில் விரல் நீட்டும் வேர்கள் வெண்கண்டலுடையவை. உப்புச் சேற்றுக்குள் காற்று கிடைக்காது என்பதால் வேர் வெளியே வந்து மூச்சுவிடுகிறது. அப்புறம் தில்லை மரம். சிதம்பரத்தின் பழம்பெயரே தில்லைதான், கோயிலின் தலமரமும் அதுதான், ஆனால் ஊருக்குள் இன்று தில்லைக் காடு ஏது? அதைப் பார்க்க இங்கேதான் வர வேண்டும். படகோட்டியிடம் கேட்டால் காட்டுவார், ஆனால் இலையைக் கிள்ளிப் பார்க்காதீர்கள். கிள்ளினால் வரும் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, தோலிலும் கொப்புளம் போடும்.

வாய்க்கால் ஓரத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, வலையே இல்லாமல் கையால் தடவித் தடவி இறால் பிடிக்கும் இருளர் மக்களைப் பார்க்கலாம். அது அவர்கள் அன்றாடப் பிழைப்பு, வேடிக்கை காட்டுவதற்காகச் செய்வதில்லை. கேமராவை முகத்துக்கு நேரே நீட்ட வேண்டாம். 2004 சுனாமியில் இந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களுக்குச் சேதம் குறைவாக இருந்தது என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள், அதே கதையைப் படகோட்டிகள் சொல்லிக் கேட்பது இன்னும் நன்றாக இருக்கும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வலசைப் பறவைகள் வரும். தொப்பி, தண்ணீர், கழிப்பறை மூன்றையும் ஏறும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள், படகில் எதுவும் கிடையாது.

பதினோரு மணிக்குள் கரைக்கு வந்துவிட்டால் விடுதி மெஸ்ஸின் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கே வந்து சேர்ந்துவிடலாம். மாதத்தில் ஒரு நாள் அந்தச் சாப்பாட்டை விட்டால்தான் என்ன, கிள்ளைப் பக்கம் சின்னக் கடைகளில் அன்றைக்குப் பிடித்த மீனில் குழம்பு கிடைக்கும்.

ஒரு முழு நாள் இருந்தால்: மேற்கே

என்னைக் கேட்டால் அண்ணாமலை நகரிலிருந்து போகக்கூடிய எல்லாப் பயணங்களிலும் இதுதான் முதலிடம், ஆனால் மாணவர்களில் அதிகம் பேர் போவதில்லை. சிதம்பரத்திலிருந்து திருச்சி, ஜெயங்கொண்டம் போகும் பஸ்கள் காட்டுமன்னார்கோயில், மீன்சுருட்டி வழியாகக் கங்கைகொண்ட சோழபுரத்தைத் தொட்டுத்தான் போகின்றன. சுமார் 45 கிலோமீட்டர். காலை ஆறு மணிக்கெல்லாம் பஸ் ஏறிவிடுங்கள், ஏனென்றால் அங்கேயும் நண்பகலில் சன்னதி சாத்திவிடுவார்கள்.

முதலாம் ராசேந்திரன் கங்கை வரை படை அனுப்பி வென்ற பிறகு எழுப்பிய தலைநகர். விமானம் சுமார் 55 மீட்டர், தஞ்சையைவிடக் குறைவு. மகன் தந்தைக்காக உயரத்தைக் குறைத்துக்கொண்டான் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள், அதற்கு ஆதாரம் கேட்காதீர்கள், கதை நன்றாக இருக்கிறது. நேரில் பார்த்தால் தெரிவது வேறு: தஞ்சை விமானம் நேர்க்கோட்டில் ஏறும், இது உள்வாங்கி வளைந்து ஏறும். எது அழகு என்று பஸ்ஸில் திரும்பும்போது சண்டை போட்டுக்கொள்ளலாம். வடக்கு வாசல் பக்கத்தில் சண்டேசர் என்ற அடியாரின் தலையில் சிவன் மாலை சுற்றும் சிற்பம் இருக்கிறது; அதன் முன் கால் மணி நேரமாவது நில்லுங்கள். ராசேந்திரனுக்கே இறைவன் முடிசூட்டுவதாக அதைப் படிப்பவர்களும் உண்டு. 2004-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த கோயில், ஆனால் தஞ்சையின் கூட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூட இங்கே கண்ணில் படாது. வளாகத்தில் சிம்மக்கிணறு, புல்வெளி, மர நிழல். சுற்றுமதில் ஏன் இப்படிச் சிதைந்து கிடக்கிறது என்று கேட்பீர்கள். 1836-ல் கொள்ளிடத்தில் கீழணை கட்டியபோது மதில் கல்லைப் பெயர்த்துக் கொண்டுபோனார்கள். அந்த அணை அணைக்கரையில் இன்றும் நிற்கிறது. அங்கே தேங்கும் தண்ணீர்தான் வடவாறு வழியாக வீராணம் ஏரிக்கு வருகிறது.

அந்த ஏரியைத் திரும்பும் வழியில் பார்க்கலாம். காட்டுமன்னார்கோயிலில் இறங்கி லால்பேட்டைப் பக்கம் ஏரிக்கரைக்குப் போங்கள். முதலாம் பராந்தகன் காலத்து ஏரி, நீளவாக்கில் மறுகரை தெரியாது, சென்னைக்குக் குடிநீர் இங்கிருந்தும் போகிறது. சாயங்காலம் நாலரைக்கு மேல் கரைமேல் நடந்தால் காற்று ஆளைத் தள்ளும். கோடை முற்றிய மாதங்களில் போனால் ஏரி வற்றிக் கிடக்கலாம், ஆகவே மழைக்குப் பிறகு, தை மாசி மாதங்களில் போவதுதான் சரி.

தமிழ் படிக்கிறவர்களுக்கு மட்டும் ஒரு கூடுதல் சங்கதி. நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தைத் தொகுத்த நாதமுனிகள் காட்டுமன்னார்கோயில்காரர். தேவாரத்தை வகுத்த நம்பியாண்டார் நம்பி, இதே சாலையோரம் உள்ள திருநாரையூர்க்காரர். சைவத்துக்கும் வைணவத்துக்கும் தொகுப்பாசிரியர்களை ஒரே பஸ் ரூட் கொடுத்திருக்கிறது! நேரமிருந்தால் காட்டுமன்னார்கோயிலிலிருந்து ஆட்டோ பிடித்து மேலக்கடம்பூரும் போய் வாருங்கள், கருவறையையே சக்கரம் வைத்த தேராக வடித்திருக்கிறார்கள், சின்னக் கோயில், நுணுக்கமான வேலை.

கடல் பக்கம்

பரங்கிப்பேட்டைக்கு அரை நாள் போதும். வெள்ளாறு கடலில் சேரும் இடம், பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் அங்கேதான் இருக்கிறது. மையத்தின் அருங்காட்சியகத்தைப் பார்க்க வேண்டுமானால் சனிக்கிழமை திறந்திருக்குமா என்று துறையில் முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள். 1781-ல் ஐதர் அலிக்கும் ஆங்கிலேயருக்கும் இந்த ஊரில் பெரிய சண்டை நடந்தது, இப்போது பார்க்கப் பெரிதாக ஒன்றும் மிஞ்சவில்லை. மீன் வாங்க ஆசை என்றால் காலையில் அன்னங்கோயில் மீன் இறங்குதளம். குளிப்பதற்கு முகத்துவாரத்தில் இறங்கவே இறங்காதீர்கள், ஆறும் கடலும் இழுக்கும் இழுப்பு நீச்சல் தெரிந்தவரையும் விடாது.

தெற்கே தரங்கம்பாடி, 50 கிலோமீட்டருக்கு மேல். டென்மார்க்காரர்கள் 1620-ல் கட்டத் தொடங்கிய டேன்ஸ்போர்க் கோட்டை, 1706-ல் வந்திறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு கட்டிய புதிய எருசலேம் ஆலயம், கடலுக்குள்ளேயே நிற்கிற மாதிரி இருக்கும் மாசிலாமணிநாதர் கோயில், எல்லாம் நடக்கிற தூரத்தில். தமிழில் புதிய ஏற்பாடு 1715-ல் அச்சானது இங்கேதான். மூன்று மணிக்கு மேல் போய்ச் சேருவது போலக் கிளம்புங்கள், வழியில் சீர்காழியில் இறங்கிச் சட்டைநாதர் கோயிலைக் காலையிலேயே பார்த்துவிட்டால் நாள் முழுமையாகிவிடும். சீர்காழிக்கு ரயிலும் உண்டு.

எங்கும் போக முடியாத வாரங்கள்

ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்தால் படகை நிறுத்திவிடுவார்கள், பஸ்ஸும் நம்பகமில்லை. தேர்வு நெருங்கும் வாரங்களும் அப்படித்தான். அப்போது வளாகத்துக்குள்ளேயே இருங்கள். 1929-ல் தொடங்கிய இந்தப் பல்கலைக்கழகத்தின் இசைக் கல்லூரியில் டைகர் வரதாச்சாரியார், தண்டபாணி தேசிகர் போன்றவர்கள் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், தமிழிசை இயக்கத்தின் முதல் மாநாடு 1941-ல் நடந்ததும் அண்ணாமலை நகரில்தான். பொறியியல் மாணவர்களில் பலர் நாலு வருடம் படித்து முடித்தும் அந்தக் கட்டடத்துப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். இசைத்துறையில் ஒரு நண்பரைப் பிடித்துக்கொள்ளுங்கள், மாணவர் கச்சேரி எப்போது என்று அவர் சொல்லிவிடுவார். 1965 மொழிப்போரில் துப்பாக்கிச் சூட்டில் இறந்த மாணவர் ராஜேந்திரனின் சிலையும் இங்கே இருக்கிறது, தினமும் கடந்து போகிறீர்கள், ஒருநாள் நின்று படியுங்கள்.

காலண்டரில் குறித்துக்கொள்ள

மார்கழித் திருவாதிரையும் ஆனித் திருமஞ்சனமும் முக்கியம். மற்ற கோயில்களில் உற்சவ மூர்த்திதான் தேரேறும். இங்கே மூலவரான நடராசரே தேரில் வருகிறார். தேர் தரிசனத்துக்கு முந்தின நாள். அன்று நான்கு வீதிகளிலும் வண்டி போகாது, நடந்தே வாருங்கள், பணப்பையை முன் பாக்கெட்டில் வையுங்கள். தேர் முடிந்த இரவு ஆயிரங்கால் மண்டபத்தில் சுவாமி தங்கி, விடியுமுன் அபிஷேகம் நடக்கும். அதைப் பார்க்க வேண்டுமென்றால் தூக்கத்தை மறந்துவிட வேண்டியதுதான்.

மகா சிவராத்திரியை ஒட்டி நாட்டியாஞ்சலி, 1981 முதல். இந்தியா முழுவதிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் ஆட வருகிறார்கள், டிக்கெட் கிடையாது. சமீப ஆண்டுகளில் கோயிலுக்குள் ஒன்று, வெளியே மேடை போட்டு ஒன்று என்று இரண்டாக நடக்கிறது. முன் வரிசை வேண்டுமென்றால் ஐந்து மணிக்கே போய் உட்காருங்கள், ஒரு போர்வை எடுத்துக்கொண்டு போனால் தரையில் விரிக்க உதவும்.

வள்ளலாரின் சத்திய ஞானசபை இருக்கும் வடலூருக்கு நாற்பது கிலோமீட்டர் போல, சேத்தியாத்தோப்பு வழி. தைப்பூசத்தில் ஏழு திரைகளையும் விலக்கிச் சோதி தரிசனம், ஆனால் கூட்டம் லட்சக்கணக்கில். மாதப் பூசத்தில் ஆறு திரை விலக்குவார்கள், நிதானமாகப் பார்க்கலாம். 1867-ல் வள்ளலார் மூட்டிய தருமச்சாலை அடுப்பு இன்றும் அணையவில்லை. யார் போனாலும் சாப்பாடு உண்டு, சாதியோ ஊரோ கேட்கமாட்டார்கள், சாப்பிட்டு முடித்ததும் பரிமாறவோ இலை எடுக்கவோ கைகொடுத்தால் சந்தோஷப்படுவார்கள்.

கடைசியாக, இதில் பாதி நிகழ்ச்சிகள் இரவு பத்துக்கு மேல் முடிபவை. விடுதி கேட் அதற்கு முன்பே சாத்திவிடும். வெள்ளிக்கிழமையே வார்டனிடம் எழுதிக் கொடுத்துக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், வாட்ச்மேன் அண்ணனுக்கு மறக்காமல் ஒரு பொட்டலம் பிரசாதம்.